ஹமூத் இன்னும் திரும்பவில்லை

ஹமூதின் கோப்பில் ஹமூதின் தாளைக் காணவில்லை.

ஹமூதே மூன்று முறை புரட்டிப் பார்த்தார். பிறகு கோப்பைத் தலைகீழாகப் பிடித்து உதறினார். ஒரு குண்டூசி விழுந்தது. தாள் விழவில்லை.

தாள் என்றால் ரெஸ்யூம் தாள். விடுப்பு முடிந்து வருகிற எவரும், 'இன்ன தேதியிலிருந்து என் பணியை ரெஸ்யூம் செய்துவிட்டேன்' என்ற வாக்கியத்துக்குக் கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். கொடுக்காதவர் எதிரே நின்று தும்மினாலும், காகிதத்தின்படி ஊரில்தான் இருக்கிறார். ஹாஜி ஜவாதின் தண்ணீர்த் தொட்டிக் கம்பெனியில் இந்தப் படிவத்தை எழுதி வைத்தவர் ஓர் ஆங்கிலேயக் கணக்கர். படிவத்தை எழுதிய அடுத்த மாதமே வருடாந்திர விடுப்பில் தாய்நாட்டுக்குப் போனார். ரெஸ்யூம் செய்யவே இல்லை. படிவம் மட்டும் ரூவி அலுவலகத்தில் தங்கிவிட்டது.

அதற்குக் காவலாக வாய்த்தவர் ஹமூத். பணியாளர் பிரிவின் ஒரே குமாஸ்தா. தந்தையை அடக்கம் செய்துவிட்டு வந்த ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர் ஸாலமை, தாளில் தேதி இல்லை என்று இரண்டு மாடி இறங்கி ஏறவைத்தவர். காலில் மாவுக்கட்டோடு வந்த கிடங்குக்காரனையும் ஏறவைத்தார். அவனுக்கு மட்டும் கைப்பிடியைப் பிடித்துக்கொள்ள அனுமதி கொடுத்தார். யாராவது முணுமுணுத்தால் ஆங்கிலப் பாடம் ஆரம்பமாகிவிடும்.

"ரெஸ்யூம்னா சும்மா வந்து நிக்கிறது இல்லப்பா. விட்ட இடத்துல இருந்து, விட்டதையே, மறுபடி கையில எடுக்கிறது. எடுத்ததுக்குச் சாட்சி வேணும். நாற்காலியில உட்கார்ந்தவன் எல்லாம் வேலைக்குத் திரும்பினவன் இல்ல. நாற்காலியில பூனைகூட உட்காரும்."

இந்த மனிதர் பதினோரு வருடத்தில் முதல் முறையாக முப்பது நாள் விடுப்பு எடுத்தார். வீட்டு மாடியில் ஓர் அறை கட்டினார். முடிந்ததும் வந்தார், நாற்காலியில் உட்கார்ந்தார், எல்லோரிடமும் தாள் கேட்டார். அவரிடம் தாள் கேட்கத்தான் அலுவலகத்தில் ஆள் இல்லை. ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி. அப்படி இருபத்திரண்டு நாள் ஓடிவிட்டது.

இதை அவர் கண்டுபிடித்த திங்கட்கிழமையும் சாதாரணமானது அல்ல. இருபது வருடம் இடைவெளி இல்லாமல் உழைத்தவரையும் மனைவியையும் கம்பெனி தன் செலவில் மக்காவுக்கு உம்ரா யாத்திரை அனுப்பும். வரும் ஞாயிறோடு ஹமூதுக்கு இருபது வருடம். வியாழனன்று பட்டியல் ஹாஜியிடம் போக வேண்டும். பட்டியலில் ஒரே பெயர் ஹமூதுடையது. அதற்கு ஆதாரமாக வைக்கத்தான் கோப்பைத் திறந்தார்.

வீட்டில் ஷம்சா ஏற்கெனவே மனதளவில் புறப்பட்டுப் போய்விட்டாள். அவளுடைய ஓரகத்தி ஸுவைனா இரண்டு தடவை உம்ரா போய்வந்தவள். அதற்குப் பிறகு 'நாங்க மக்காவுல இருந்தப்போ' என்று தொடங்காமல் ஸுவைனாவால் ஒரு மீனைக்கூடப் பொரிக்க முடிவதில்லை. இரண்டு வருடமாக இதைக் கேட்டுக்கொண்டே மீன் தின்ற ஷம்சா, இந்த முறை தெரு முழுவதும் சொல்லி முடித்திருந்தாள். பதினோரு பெண்கள் அங்கே போய்க் கேட்க வேண்டிய வேண்டுதல்களைக் கொடுத்திருந்தார்கள். ஒருத்தி தன் மாமியாரைப் பற்றிய வேண்டுதலைக் காதோடு சொன்னாள்.

எங்கள் மத்ரா சூக்குக் கடைத்தெருவில் பிறந்தவன் எவனாக இருந்தாலும், ஒரு தாளை எடுத்து, இருபத்திரண்டு நாள் முந்தைய தேதியைப் போட்டு, கோப்பில் செருகிவிட்டு காவாக் காபி குடிக்கப் போயிருப்பான். ஹமூத் மலைக்காரர். மலையில் நேர்மை அதிகம். தண்ணீரும் வாடிக்கையாளரும் குறைவு என்பதால் அதற்குச் சோதனையும் குறைவு. போதாததற்குப் போன வருடம் இப்படிப் பழைய தேதி போட்ட ஒருவனுக்கு எச்சரிக்கைக் கடிதம் அடித்தவரே அவர்தான். ஆகவே அன்றைய தேதியையே போட்டார். உண்மையைச் சொன்னால் காரியம் முடிந்துவிடும் என்று நம்பினார்.

தாளில் மேலதிகாரியின் கையெழுத்து வேண்டும். மேலதிகாரி, கம்பெனியின் சட்ட ஆலோசகர் உஸ்தாத் ரிஃப்அத். கெய்ரோக்காரர். போன குளிர்காலத்தில் இவருடைய தாளை ஹமூத் மூன்று முறை திருப்பி அனுப்பியிருந்தார்: முதலில் மை நீலம், பிறகு கையெழுத்து கோட்டைத் தாண்டியது, மூன்றாவது முறை மடிப்பு.

ரிஃப்அத் தாளை மெதுவாகப் படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார். பட்டினி கிடந்தவன் முன் மொச்சைக் கிண்ணத்தை வைத்ததுபோல் முகம் மலர்ந்தது.

"இருபத்திரண்டு நாளா உங்க நாற்காலியில உட்கார்ந்திருந்தது யாரு, கண்ணு?"

"நான்தான்."

"எந்த நீங்க? லீவுல இருக்கிற ஹமூதா, திரும்பி வந்த ஹமூதா?"

"ரெண்டும் ஒரே ஆள்தானே, உஸ்தாத்."

"உங்க அம்மாவுக்கு ஒரே ஆள். தாளுக்கு ரெண்டு. இன்னிக்குத்தான் ரெஸ்யூம் பண்ணேன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அப்போ அதுக்கு முந்தி நீங்க போட்ட கையெழுத்தெல்லாம் லீவுல இருக்கிறவன் கையெழுத்து. அது செல்லுமா? நீங்களே சொல்லுங்க. இந்த விஷயத்துல உங்களுக்குத் தெரிஞ்சதுல பாதி எனக்குத் தெரியாது."

ஹமூத் நேர்மையாக யோசித்தார். செல்லாது என்றார்.

அந்த இருபத்திரண்டு நாளில் அவர் கையெழுத்துப் போட்ட ரெஸ்யூம் தாள்கள் பதினான்கு. செவ்வாய் காலை பதினான்கிலும் சிவப்பு முத்திரை குத்தி உரியவர்களிடம் திருப்பிக் கொடுத்தார். முறைப்படி செய்த திருப்தியோடு மாடி ஏறினார். அவர் நாற்காலியை அடைவதற்குள் கீழே கிடங்கில் சத்தம் நின்றுவிட்டது.

எட்டிப் பார்த்தார். ஸாலம் ஃபோர்க்லிஃப்டை அணைத்துவிட்டு, அதன் நிழலிலேயே காலை நீட்டிப் பேரீச்சம்பழம் தின்றுகொண்டிருந்தான். மற்ற பதின்மூன்று பேரும் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். ஹமூத் இறங்கி ஓடி, வண்டியை எடுக்கச் சொன்னார்.

"எப்படி எடுக்கிறது, சொல்லுங்க," என்றான் ஸாலம். "தாள்படி நான் இன்னும் எங்க அப்பா அடக்கத்துலதானே நிக்கிறேன்? அப்பா மய்யித்தை விட்டுட்டு வந்து தொட்டி தூக்கினா ஊர் என்ன பேசும்?"

இப்ரியிலிருந்து வந்திருந்த லாரிக்காரர் முதலில் சிரித்தார். மதியத்துக்குப் பிறகு அவரும் சிரிக்கவில்லை. அவருடைய தோட்டத்துக்கு வேண்டிய ஆறு தொட்டிகள் இருபதடி தூரத்தில் கண்ணெதிரே இருந்தன. அவற்றைத் தூக்க வேண்டியவர்கள் விடுப்பில் இருந்தார்கள்.

பதினான்கு தாளிலும் மறுபடி கையெழுத்துப் போடுகிறேன் என்று ஹமூத் பேனாவை எடுத்தார். ரிஃப்அத் தடுத்தார். முதலில் ஹமூத் திரும்பியாக வேண்டும். ஹமூத் திரும்ப, ரிஃப்அத் கையெழுத்துப் போட வேண்டும். ரிஃப்அத்துக்கு மறுப்பே இல்லை. விதிமுறைப் புத்தகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுப் போடுவதாகச் சொன்னார். பார்த்தார். பார்த்துவிட்டு, புத்தகத்தை ஹமூதின் பக்கம் திருப்பி வைத்தார்.

விடுப்பு முடிந்து ஏழு நாளுக்குள் ரெஸ்யூம் தாள் தராதவர் தானாகவே வேலையை விட்டுப் போனவர் ஆவார். அந்த வரியின் கீழே அழுத்தமான கோடு. விதியை யோசித்தவரும், தட்டச்சு செய்தவரும், கோடு போட்டவரும் ஹமூத்.

"நல்லா எழுதியிருக்கீங்க," என்றார் ரிஃப்அத். "நான் சட்டம் படிச்ச காலேஜ்லகூட இவ்வளவு சுத்தமா யாரும் எழுத மாட்டாங்க. ஒரு சந்து இல்ல, ஒரு பொந்து இல்ல. நானும் ஒரு மணி நேரமாத் தேடுறேன்."

அன்று மாலை ஹமூத் வீட்டில் விஷயத்தை மெல்ல அவிழ்த்தார். அறுபது வாக்கியம் தேவைப்பட்டது. ஷம்சா ரொட்டியைக் கையில் வைத்தபடியே முழுவதும் கேட்டாள்.

"நீங்க வேலைக்குத் திரும்பவே இல்லைங்கிறாங்க?"

"தாள்படி."

"அப்போ மூணு வாரமா காலையில இஸ்திரி போட்ட அங்கியும் அத்தருமா எங்க போனீங்க, முன்திர் அப்பா?"

கேள்வி அந்தத் திசையில் போகும் என்று ஹமூத் எதிர்பார்க்கவில்லை. அலுவலகத்துக்குத்தான் போனேன், ஆனால் போகவில்லை என்று விளக்கினார். விளக்க விளக்க ஷம்சாவின் புருவம் ஏறியது. கடைசியில் அவள் ஒன்றே ஒன்று சொன்னாள்: வியாழக்கிழமை மாலை ஸுவைனாவை விருந்துக்குக் கூப்பிட்டிருக்கிறாள், உம்ரா தேதியை அப்போது சொல்லப்போகிறாள், தேதி வந்தாக வேண்டும்.

இனி ஹாஜி ஜவாத் ஒருவரால்தான் முடியும். ஹாஜி ரூவிக்கு வருவதில்லை. கம்பெனி எத்தனை மாடி உயர்ந்தாலும் அவர் இருப்பு மத்ரா சூக்கில், பாட்டனார் காலத்துச் சாம்பிராணிக் கடையில்தான். புதன் காலை ஹமூத் அங்கே போனார்.

கடையில் ஒரு வாடிக்கையாளர் வெள்ளித் தூபக்காலைக் கையில் வைத்துக்கொண்டு மன்றாடிக்கொண்டிருந்தார். நேற்று பன்னிரண்டு ரியால் வரை பேசி முடித்தோமே, அங்கிருந்து தொடரலாமே என்பது அவர் கட்சி. ஹாஜி தலையை ஆட்டினார். நேற்று பன்னிரண்டு என்று சொல்லிவிட்டுப் படி இறங்கிப் போனீர்கள். படி இறங்கினால் விலை செத்தது. இன்று மறுபடி இருபதிலிருந்துதான் என்றார். எங்கள் சூக்கில் பால்குடிக் குழந்தைக்கும் தெரிந்த முறை இது. தெரியாமல் ஒருவர் வருவது வியாபாரத்துக்கு நல்லது.

வாடிக்கையாளர் இருபதிலிருந்து ஆரம்பித்துப் பதினாறில் வாங்கிக்கொண்டு போனார். ஹாஜி ஹமூதை உட்காரச் சொல்லி, காவா ஊற்றி, முறைப்படி விசாரித்தார்.

"என்ன சேதி?"

"சேதி ஒண்ணுமில்ல ஹாஜி. நல்ல சேதிதான்."

"விசேஷம்?"

"விசேஷம் ஒண்ணுமில்ல. எல்லாம் நலம்."

"வேற ஏதும் தகவல்?"

"ஒரு தகவலும் இல்ல. அல்லாஹ்வுக்கே புகழ்."

இது முடிந்த பிறகுதான் கிடங்கு நின்றுபோனதையும், லாரி இரண்டு நாளாக நிற்பதையும், தன் இருபது வருடம் அறுந்து தொங்குவதையும் சொல்ல முடிந்தது. மரியாதை என்று ஒன்று இருக்கிறது.

ஹாஜி எல்லாவற்றையும் கேட்டார். இருபத்திரண்டு நாளை மன்னித்து ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும் என்றார் ஹமூத். ரெஸ்யூம் என்ற சொல்லின் பொருளே விட்ட இடத்திலிருந்து தொடர்வதுதானே என்று, இருபது வருடமாகப் பிறருக்குச் சொன்ன பாடத்தை முதல் முறையாகத் தனக்காகச் சொன்னார்.

"அது இங்கிலீஷ்காரன் சொல்லு, ஹமூத்," என்றார் ஹாஜி. "அவன் ஊர்ல விட்ட இடம் விட்ட மாதிரியே காத்துக்கிட்டு இருக்கும்போல. நம்ம சூக்குல விட்ட இடம்னு ஒண்ணு கிடையாது. நீ படி இறங்கினியா இல்லியா?"

"இறங்கினேன்."

"தானா வேலையை விட்டவன்னு எழுதினது யாரு?"

"நான்தான்."

"அப்போ முதல் விலையில இருந்து வா. புது ஆள். மூணு மாசம் சோதனை. புது ஆளுக்கு என்ன சம்பளமோ அது."

பேரம் ஆரம்பமாகிவிட்டது; ஆரம்பமான பேரத்தில் மூச்சுவிடுவதுகூட ஒரு விலை. சோதனைக் காலம் என்றால் தன்னைச் சோதித்து அறிக்கை எழுத வேண்டியவரும் தானே என்று ஹமூத் எடுத்துச் சொன்னார். ஹாஜி அதை விட்டுக்கொடுத்தார். சம்பளம் குறைந்தால் அந்த வித்தியாசத்தை ஊரெல்லாம் விசாரிக்கும், கம்பெனிக்குத்தான் இழுக்கு என்றார் ஹமூத். அரை மணி நேரத்துக்குப் பிறகு அதையும் ஹாஜி விட்டார். நாற்காலி, மேசை, ஜன்னல் பக்கம் எல்லாம் பழையபடியே என்று தாமாகவே சேர்த்துக்கொண்டார். செலவில்லாததைக் கொடுப்பதில் ஹாஜியைப் போல் தாராளமானவரைக் காண முடியாது.

கடைசியில் வருடங்கள் மட்டும் மிஞ்சின.

"இருபது வேணாம் ஹாஜி. பத்தொன்பது?"

ஹாஜி காவாவை உறிஞ்சினார்.

"பதினஞ்சாச்சும் போடுங்க. பாக்கி அஞ்சை நான் உழைச்சுக் கழிச்சுடுறேன்."

"வருஷம் என்ன பேரீச்சம்பழமா, நிறுத்துப் போட? உம்ராதானே? இன்னிலருந்து இருபது வருஷம் எண்ணிக்கோ. ஆயுசு இருந்தா நானே கூட்டிட்டுப் போறேன்."

ஹாஜிக்கு வயது எழுபத்தெட்டு.

இந்தக் கட்டத்தில் பேரம் தெரிந்தவன் செய்ய வேண்டியது ஒன்றுதான்: செருப்பை மாட்டிக்கொண்டு, எனக்கு வேண்டாம் என்று எழுந்து போவதுபோல் போக வேண்டும். ஹமூத் பாதி எழுந்தும்விட்டார். அப்போது அவர் கண் வாசற்படியின் மேல் பட்டது. இறங்கினால் சம்பளமும் ஜன்னலும்கூடச் செத்துப்போகும்; நாளை வந்தால் மறுபடி சோதனைக் காலத்திலிருந்து தொடங்க வேண்டும். எழுந்தவர் அங்கியைச் சரிசெய்ய எழுந்ததுபோல் சரிசெய்துவிட்டு உட்கார்ந்தார்.

ஹாஜி கையை நீட்டினார். ஹமூத் பிடித்தார். கை கொடுத்த பேரத்தைத் தன் தந்தையே கபரிலிருந்து எழுந்து வந்து கேட்டாலும் பிரிக்கமாட்டேன் என்று ஹாஜி நினைவூட்டினார். அல்வாத் தட்டு வந்தது. அல்வாவுக்கு முன்னால் ஒரு தாள், பின்னால் ஒரு தாள் கையெழுத்தானது: முதலாவது இருபது வருட வேலையிலிருந்து விலகல், இரண்டாவது புதிய நியமனம்.

புது ஆளுக்கு ரெஸ்யூம் தாள் தேவையில்லை. ஹமூத் நேராக ரூவிக்கு வந்து பதினான்கு தாளிலும் கையெழுத்துப் போட்டார். ஸாலம் அடக்கத்திலிருந்து திரும்பி வண்டியைக் கிளப்பினான். இப்ரி லாரி ஆறு தொட்டிகளோடு போயிற்று. ரிஃப்அத் மாடியிலிருந்து இறங்கிவந்து, புதிதாகச் சேர்ந்தவருக்கு வாழ்த்துச் சொல்லி, அலுவலகப் பழக்கவழக்கங்கள் எதுவும் புரியாவிட்டால் தயங்காமல் கேட்கச் சொன்னார்.

வியாழன் காலை ஹமூத் பட்டியலைக் கிழித்தார். ஒரே பெயர் இருந்ததால் வேலை சுலபமாக இருந்தது. ஷம்சாவிடம் இன்னும் சொல்லவில்லை. புதன் இரவு வீட்டுக்குப் போனபோது அவள் புது வெள்ளை உடையைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள், நீளம் சரியா என்று கேட்டாள், சரி என்றார். இப்போது அவள் ஸுவைனாவுக்காகக் கறியை மசாலாவில் ஊறவைத்துக்கொண்டிருப்பாள்.

மிச்சம் இருந்தது ஒரு சம்பிரதாயம். புதிதாகச் சேர்கிறவர் பெயர் வாசல் புத்தகத்தில் ஏற வேண்டும். வாசல் புத்தகம் காவலாளி கல்ஃபானிடம். ஹமூத் படியிறங்கிப் போய், தன் பழைய பெயரை அடித்துவிட்டுக் கடைசியில் புதிதாக எழுதச் சொன்னார்.

கல்ஃபான் பேனாவை எடுக்கவில்லை. ஏன் என்று கேட்டார். ஹமூத் சொன்னார்: முப்பது நாள் விடுப்பு, தாள் கொடுக்காத இருபத்திரண்டு நாள், ஹாஜியின் கடை, கை கொடுத்தது. சொல்லி முடித்தபோது அவருக்கே அது வேறு யாருக்கோ நடந்ததுபோல் இருந்தது.

கல்ஃபான் விரலை நனைத்துக்கொண்டு பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டினார். ஒரு மாதம் புரட்டினார். இன்னும் ஒரு மாதம் புரட்டினார்.

"லீவா?" என்றார். "லீவுச் சீட்டு எனக்கு வரவே இல்லையே. யார் லீவுல போனாலும் முதல் நாள் காலையில நீங்கதானே கையோட கொண்டாந்து குடுப்பீங்க?"

அந்த முதல் நாள் காலையில் ஹமூத் தன் வீட்டு மாடியில், சாரத்தின் மேல், கொத்தனாரோடு நின்றிருந்தார்.

"சீட்டு வராத ஆளுக்கெல்லாம் 'வந்தார்'னு போட்டுடுறது வழக்கம், அபூ முன்திர்," என்று கல்ஃபான் புத்தகத்தை அவர் பக்கம் திருப்பிவைத்தார். "சர்வீஸ் பாக்குறதும் இந்தப் புஸ்தகத்தை வெச்சுத்தான். இதுபடி நீங்க இந்த வருஷம் லீவே போகல. இருபது வருஷத்துல வேலையை விட்டுப் போனது நேத்து ஒருநாள்தான்."